துருத்தி

கோட்டைக்கு எத்தனை கோட்டை காணம் போகிறது,
எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.
பாளையங்கோட்டைத் தெற்கு வாசலில்
மரக்கால் போட்டு அளந்து கொட்டுகிறவள் நான்.
மூன்று நாளாகக் குதிரைக்கு ஒரு நாழி கூடினால்
நாலாம் நாள் லாயம் காலி.
இதற்கு ஜோசியன் வேண்டாம்,
லத்தியைப் பார்த்தாலே போதும்.

பலவேசம் உப்பு வண்டியோடு வருவான்.
பீரங்கிக்குப் புளியங்கொட்டை,
குதிரை பத்துக்கு ஒரு குன்றிமணி,
பாரவண்டிக்கு ஆமணக்கு விதை.
துணியில் முடிந்து கொடுத்தால்
ஆற்றைத் தாண்டிக் கரிசலுக்குப் போய்விடும்.
ஏழு மாதத்தில் ஒரு விதை பிசகியதில்லை.

ஐப்பசியில் வந்தவன் வேறொன்று கேட்டான்.
'விதை போதும் முப்பிடாதி. பாளையத்துல கேக்காவ,
துரை மனசுல என்ன இருக்குன்னு.'

துரையை ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன்.
சித்திரை வெயிலில் நுங்கு தின்றுகொண்டிருந்தார்.
கண் தோண்டத் தெரியாமல் சட்டையெல்லாம் வழிந்தது.
அந்த முகத்தில் வடக்கும் இல்லை, தெற்கும் இல்லை.

மேலப்பாளையம் போனேன்.
தோல் தைக்கிற மாடன் வாசலில்
ஆட்டுத்தோல் ஆளுயரம் கிடந்தது.
நாற்பது துருத்தி. பத்தே நாளில் வேண்டுமாம்.

துருத்தி என்றால் தண்ணீர்.
தண்ணீர் சுமக்கிறவன் தண்ணீர் இல்லாத இடத்துக்குப் போகிறவன்.
அந்த இடம் தெற்கே, தேரி.
எத்தனை மழை பெய்தாலும் செம்மணல் குடித்துவிடும்,
காக்காய்க்கும் நாக்கு வறளும்.
ஆறோ இரு கரையும் முட்டிப் போகிறது.
இந்த வெள்ளத்தில் வடக்கே பீரங்கியை எவன் கடத்துவான்?
பானைக்கு மூடிபோல எல்லாம் பொருந்திற்று.

மாடன் மட்டும் முனகினான்:
'உள்ள குங்கிலியம் பூசச் சொல்லுதான். தண்ணி கசக்காதா?'
வெள்ளைக்காரன் நாக்குக்கு அது ருசி என்றேன்.
'வாயில நாணல் குழல் வைக்கச் சொல்லுதான்.'
குதிரை மேலிருந்தே உறிஞ்சிக் குடிக்க என்றேன்.
பதில் இல்லாத கேள்வி ஒன்றாவது இருந்திருந்தால்
பயந்திருப்பேன்.

மறுநாள் பலவேசத்திடம் விதை கொடுக்கவில்லை.
ஒரு சொல் கொடுத்தேன்: தேரி.

சீவலப்பேரித் துறையில் காவல் நின்ற முந்நூறு பேர்
கரிசல் விதைப்புக்கு வீடு திரும்பினார்கள்.

அமாவாசை கழிந்த மூன்றாம் இரவு
நாற்பதிலும் குழல் வழியே ஊதியிருக்கிறார்கள்.
பனந்தடிக்கு அடியில் வரிசையாகக் கட்டி
மேலே பீரங்கி இரண்டு.
தாமிரபரணி முதுகில் வாங்கி
அக்கரையில் இறக்கிவிட்டிருக்கிறது.
விடிந்தபோது நம் மண்கோட்டைக்கு மேற்குச் சுவர் இல்லை.

துருத்தி.
கொல்லன் உலையில் அது என்ன செய்கிறது?
மூச்சு விடுகிறது.
பேசத் தெரிந்த நாளிலிருந்து என் வாயில் கிடக்கும் சொல்.
நாற்பது என்று மட்டும் சொல்லி அனுப்பியிருந்தால்
பாளையத்தில் ஈட்டி அடிக்கிற ஆசாரி எவனாவது
காற்று என்று சொல்லியிருப்பானோ?
சொல்லாமலும் இருந்திருக்கலாம்.
மாடனைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்.
கூலியை அவன் முழுசாக வாங்கியாயிற்று.

நேற்று பலவேசம் வந்தான்.
உப்பு வண்டி இல்லை. இடது கையில் இரண்டு விரலும் இல்லை.
'காட்டுக்குள்ள இன்னும் ஆள் இருக்கு. சொல்லு' என்றான்.
காணம் பதினொரு கோட்டை என்றேன்.
பஞ்சுப் பொதி இருபது வந்து இறங்கியிருக்கிறது என்றேன்.
'பஞ்சு எதுக்கு?'
தெரியாது.
'தெரியாதுன்னா?'
தெரியாதுன்னா தெரியாது, போ.

அவன் போன பிறகு
மரக்காலைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தேன்.
பஞ்சு.
நனைத்து அடுக்கினால் குண்டைத் தாங்கும்.
எண்ணெயில் முக்கினால் கூரையை எரிக்கும்.
வெறும் மெத்தையாகவும் இருக்கலாம்,
புதுசாகத் துரைசாணி ஒருத்தி வருகிறாள் என்று பேச்சு.

எழுந்து தெற்கு வாசலுக்குப் போனேன்,
பொதி ஈரமா என்று தொட்டுப் பார்க்க.
காவல்காரன் விடவில்லை.